பிளேனுக்குப் பைபர் வேலை, திருகோணமலையில்

வீட்டுக் கராஜில் விமானம் கட்டலாம் என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் சிரிப்பார்கள், பிறகு "பறந்ததா?" என்று கேட்பார்கள். என் அத்தான் கட்டினார். பறந்தது. ரொறன்ரோவுக்குக் கிழக்கே, இரண்டு கார் நிற்கிற கராஜில், அக்காவின் காரைப் பனியில் நிறுத்திவிட்டு, பல வருஷமாகக் கட்டினார். அதில் கொஞ்ச வேலை திருகோணமலையில், நான் வேலை செய்கிற பைபர் போட் பட்டறையில் நடந்தது. கேட்கிற ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன். இனிக் கேட்டால் லிங்க்தான் அனுப்புவேன்.

இது ரிமோட்டில் ஓடுகிற விளையாட்டுச் சாமான் இல்லை. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து போகிற, லைகோமிங் எஞ்சின் பூட்டிய நிஜ விமானம். பெயர் ஆர்வி-9ஏ. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ரிச்சர்ட் வான்கிரன்ஸ்வன் என்ற எஞ்சினியர் 1970களில் தொடங்கிய வான்ஸ் கம்பனியின் கிட் அது. ஆர்வி வரிசையில் ஆட்கள் தாங்களே கட்டிப் பறக்கவிட்டவை மட்டும் 11,000க்கு மேல். கிட் என்றால் ஒரே பெட்டியில் எல்லாம் வரும் என்று நினைக்காதீர்கள். முதலில் வால், பிறகு இறக்கை, பிறகு உடல், கடைசியில் ஃபினிஷ் கிட் என்று பகுதி பகுதியாக விற்பார்கள். எஞ்சின், புரொப்பெல்லர், மீட்டர்கள், பெயின்ட் எல்லாம் வேறு. காசு சேரச் சேர வாங்கலாம், பாதியில் வெறுத்துப்போனால் வாலோடு நிறுத்திக்கொள்ளலாம். அப்படி வாலோடு நின்றுபோனவர்களின் கிட்டுகள் விற்பனைக்கு நிறைய வரும் என்று அத்தான் சொன்னார். அவர் வாங்கிய வால் கிட்டும் அப்படி ஒருவர் கைவிட்டதுதான்.

இதற்குச் சட்டம் எப்படி விடுகிறது என்பதுதான் எல்லோரும் கேட்கிற அடுத்த கேள்வி. அமெரிக்காவிலும் கனடாவிலும் 'அமெச்சூர் பில்ட்' என்று ஒரு வகை இருக்கிறது. வேலையின் பெரும்பங்கை, அதாவது பாதிக்கு மேல், சொந்தமாகக் கட்டுகிறவர்களே செய்திருக்க வேண்டும். படிப்புக்காக அல்லது பொழுதுபோக்குக்காகச் செய்ததாக இருக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கூலிக்கு ஆள் பிடித்துக் கட்டினால் கணக்கு இடிக்கும். "அதனால உனக்குச் சம்பளம் தர ஏலாது தம்பி, சட்டம்!" என்று அத்தான் சொன்னபோது அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அலுமினிய வேலையைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்தால் அன்றைக்குச் சாப்பாடு கிடையாது. இறக்கைத் தகடு அரை மில்லிமீற்றரிலிருந்து ஒரு மில்லிமீற்றருக்குள் இருக்கும், துளைகள் கம்பனியிலேயே போட்டு வரும். ஒவ்வொரு துளையின் விளிம்பையும் வழித்து மழுக்கி, தலை தட்டையாக உட்காருவதற்குக் குழி அழுத்தி, பிரைமர் அடித்து, கிளிக்கோ என்ற சின்ன ஸ்பிரிங் ஊசிகளால் தகடுகளைச் சேர்த்துப் பிடித்து, அப்புறம்தான் ரிவெட். ஆயிரக்கணக்கில் ரிவெட். வெளியே நின்று ஒருவர் காற்றுத் துப்பாக்கியால் அடிக்க, உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிக்க வேண்டும். அந்த இன்னொருவர் என் அக்கா. ரிவெட்டின் உள்பக்கம் நசுங்கிய பிறகு, அதன் அகலம் ரிவெட் விட்டத்தின் ஒன்றரை மடங்கும் உயரம் பாதியும் இருக்க வேண்டும். அதற்கென்று ஒரு சின்னத் தகட்டு அளவுகோல் உண்டு. அக்கா அதைக் கழுத்துச் சங்கிலியில் கோர்த்துப் போட்டிருந்தாளாம். அளவில் நிற்காததை அவள் பேனாவால் வட்டம் போட்டு வைப்பாள், அத்தான் மறுநாள் அதைத் துளைத்து எடுத்துவிட்டுத் திரும்ப அடிக்க வேண்டும். அவள் வட்டம் போட்டால் அப்பீல் இல்லை.

எனக்கு அலுமினியத்தில் பிடித்ததே இதுதான். அளவுகோலை வைத்தால் சரி, இல்லையென்றால் பிழை. கண்ணாடி நாரும் ரெசினும் சேர்ந்த பைபர் அப்படியில்லை. மேலே பளபளவென்று வடிவாக இருக்கும், உள்ளே காற்றுக்குமிழி பிடித்துக் கிடக்கும்.

அலுமினியத்தால் வளைக்க முடியாத இடங்களுக்கெல்லாம் பைபர்தான்: எஞ்சின் மூடி, இறக்கை முனை, வால் முனைகள், சில்லுகளுக்கு மேலே போடுகிற கவசங்கள். கிட் கட்டுகிறவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வேலை வேப்பங்காய். தகடு வேலையில் கை படிந்தவருக்கு ரெசின் என்றால் கை, கால், தலைமயிர் எல்லாம் ஒட்டும், தூசி அரிக்கும், சாண்ட் பேப்பர் தேய்த்துத் தேய்த்துத் தோள் கழன்றுபோகும். அத்தானும் தகடு வேலையை முடித்துவிட்டு பைபர் துண்டுகளை மட்டும் கராஜின் மேல் தட்டில் தூங்கவிட்டிருந்தார். குளிர் காலத்தில் கராஜில் எப்பொக்சி என்கிற அந்த ரெசின் இறுகவும் மாட்டாது. கோடையில் செய்யலாம் என்றால் கோடையில் வேறு வேலை இருக்கும். அக்காதான் வழி சொல்லியிருக்கிறாள்: "திருகோணமலையில வருஷம் முழுக்க முப்பது பாகை, தம்பி பிறந்ததில இருந்து ரெசினுக்குள்ள நிக்கிறான், பெட்டியில போட்டுக்கொண்டு போங்கோவன்."

அப்படித்தான் சிவராத்திரியை ஒட்டி இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள். ஒரு பெட்டியில் நான்கு பாதிகளாகப் பிரிந்த சில்லுக் கவசங்கள், மற்றதில் வால் முனைகள், இடைவெளியெல்லாம் அக்காவின் உடுப்பு. கண்ணாடிக் குமிழித்தூள் ஒரு பையும் அத்தான் கட்டி வைத்திருந்தாராம். ஃபில்லர் கலக்கிற வெள்ளைப் பவுடர் அது. அக்கா அதை எடுத்து வெளியே வைத்துவிட்டாள். வெள்ளைப் பவுடரோடு கட்டுநாயக்கா விமான நிலையத்தில் நின்று விளக்கம் சொல்ல அவள் தயாரில்லை. பவுடர் இல்லாமலேயே பெட்டியைத் திறந்தார்கள். "இது என்ன?" "விமானத்தின் பாகங்கள்." அந்த அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "நீங்கள் வந்த விமானத்தினதா?" என்று கேட்டாராம்.

எப்பொக்சியைப் பெட்டியில் கொண்டுவர முடியாது, அதோடு கலக்கிற ஹார்ட்னர் அரிக்கிற இரசாயனம், பயணப் பொதியில் விடமாட்டார்கள். அதைக் கொழும்பில் வாங்கினோம். குமிழித்தூளும் அங்கேயே கிடைத்தது. ஏன் இந்தச் செலவு, பட்டறையில்தான் பீப்பாய் கணக்கில் ரெசின் கிடக்கிறதே என்று எங்கள் பெரியண்ணை கேட்டார். பெரியண்ணை எங்கள் பட்டறையின் மூத்த கை. இந்தக் கரையில் ஓடுகிற பதினெட்டு அடி போட்டுகளில் எத்தனை அவர் உருட்டியது என்று அவருக்கே தெரியாது. அவர் கேட்டது நியாயமான கேள்வி, பதில் கொஞ்சம் நீளம்.

நாங்கள் போட்டுக்குப் பாவிக்கிறது பொலியெஸ்டர் ரெசின். மலிவு, கெதியாக இறுகும், ஹார்ட்னரைக் கூட்டிக் குறைத்து நேரத்தை எங்கள் வசதிக்கு வைத்துக்கொள்ளலாம். வெயில் ஏறினால் குறைப்போம், மழை மூட்டம் என்றால் ஒரு மூடி கூட்டுவோம். எப்பொக்சியில் இந்த விளையாட்டு செல்லாது. அதில் ஹார்ட்னர் இறுக வைக்கிற மருந்து இல்லை, பாதிப் பொருளே அதுதான். சொன்ன விகிதத்தில் தராசில் நிறுத்துக் கலக்க வேண்டும், கெதியாக இறுகட்டும் என்று கூட்டி ஊற்றினால் ஒரு நாளும் சரியாக இறுகாது, ரப்பராக நிற்கும். அடுத்தது, இறுகிப்போன எப்பொக்சிக்கு மேலே பொலியெஸ்டர் நம்பி ஒட்டாது. மறுபக்கமாக, பொலியெஸ்டருக்கு மேலே எப்பொக்சி நன்றாகப் பிடிக்கும். கிட்டில் எந்தத் துண்டு எந்த ரெசினில் வார்த்தது என்று தேடிக்கொண்டிருப்பதைவிட எல்லாவற்றுக்கும் எப்பொக்சி என்று வைத்துக்கொண்டால் தலையிடி இல்லை. இன்னொன்று, நாங்கள் போட்டுக்கு அடுக்குகிற மட், அந்த நறுக்கிய கண்ணாடி நாரை ஒன்றாகப் பிடித்து வைத்திருக்கிற பசை பொலியெஸ்டரில் இருக்கிற ஸ்டைரீனில்தான் கரையும். எப்பொக்சியில் போட்டால் கரையாமல் விறைத்துக்கொண்டு நிற்கும், வளைவில் படியாது. ஆகவே அதற்கு நெய்த கண்ணாடித் துணிதான். பெரியண்ணை இவ்வளவையும் கேட்டுவிட்டு, "அப்ப பட்டறையில இருக்கிற ஒண்டும் உதவாது, ஃபேனைத் தவிர" என்றார். கிட்டத்தட்ட அதுதான் நிலைமை.

ஃபேனும் ஆபத்து, அது அடிக்கிறது ஈரக் காற்று. எங்கள் கடற்கரை ஈரப்பதத்தில் எப்பொக்சி இறுகும்போது மேலே எண்ணெய் பூசினதைப் போல ஒரு படலம் கட்டும். அதைத் தண்ணீரால் கழுவித் துடைக்காமல் சாண்ட் பேப்பரைப் போட்டால் பேப்பர் அடைத்துக்கொள்ளும், அதற்கு மேலே அடுத்த பூச்சு பிடிக்காது. வெக்கையில் இன்னொரு கரைச்சல்: கோப்பையில் நிறையக் கலந்து வைத்தால் அதன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கட்டியாகிவிடும். சின்னச் சின்னதாகக் கலந்து, கலந்த உடனே தட்டையான தட்டில் பரப்பிவிட வேண்டும். விடிய ஐந்து மணிக்குத் தொடங்கி வெயில் ஏற முன்பு ரெசின் வேலையை முடிப்போம். அதற்குப் பிறகு தேய்க்கிற வேலை. அத்தான் கனடாவில் ஹீட்டர் போட்டுச் செய்கிற வேலையை நாங்கள் இங்கே வெயிலுக்குப் பயந்து செய்தோம்.

ஆனால் எனக்கும் அவருக்கும் உண்மையில் முட்டினது பாரத்தில்தான்.

போட்டுக்காரனுக்கு மனதில் ஊறினது ஒன்று: சந்தேகம் என்றால் இன்னொரு அடுக்கு. கல்லில் இழுபடும், மணலில் அடிபடும், வலையோடும் ஐஸோடும் மீனோடும் வரும்போது அலை தூக்கிப் போடும். ஒரு அடுக்கு கூடினதால் கெட்டுப்போன போட்டை நான் பார்த்ததில்லை. அத்தான் கொண்டுவந்த கவசத்தைக் கையில் எடுத்தபோது பெரியண்ணை இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தார், அது உள்ளே போய் வெளியே வந்தது. "தம்பி, இது ரெண்டு அலைக்குத் தாங்காது." "அண்ணை, இது அலையில போறதில்லை," என்றார் அத்தான். சரிதான். ஆனாலும் வாலில் இடம் வலம் திருப்புகிற சுக்கானின் கீழ் முனைத் துண்டில் ஒரு மூலை ஒடுங்கலாக இருந்தது, அதற்கு உள்ளே இரண்டு அடுக்குத் துணி வைத்து, வெளியே ஃபில்லரால் நிரப்பி வடிவம் எடுக்கலாம் என்று நான் நினைத்தேன். அத்தான் கையைப் பிடித்துவிட்டார்.

அவர் சொன்ன கணக்கு இது. சுக்கானும், ஏறி இறங்க வைக்கிற எலிவேட்டரும் கீலில் ஆடுகிறவை. கீலுக்குப் பின்னால் பாரம் கூடினால், ஒரு வேகத்துக்கு மேலே காற்றில் அது தானாகப் படபடக்கத் தொடங்கும். தொடங்கினால் விமானி ஏதாவது செய்வதற்குள் வாலையே பிய்த்துப் போட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் கீலுக்கு முன்னால் ஈயம் வைத்துச் சமப்படுத்துகிறார்கள். பின்னால் நான் ஒரு பிடி ஃபில்லர் அப்பினால், அவர் முன்னால் அதற்கு ஈடாக ஈயம் சேர்க்க வேண்டும். இரண்டும் வாலில் ஏறும். வால் விமானத்தின் பாரமையத்திலிருந்து எவ்வளவு தூரம்! அங்கே ஏறுகிற சின்னப் பாரமும் முழு விமானத்தின் சமநிலையையும் பின்னால் இழுக்கும். பெயின்ட் அடித்த பிறகும் திரும்பச் சமநிலை பார்க்க வேண்டும், பெயின்டும் பாரம்தான்.

இதைக் கேட்ட பிறகு நான் வேலை செய்கிற முறையே மாறிவிட்டது. துணியை நனைத்து வைத்து, மேலே பீல் பிளை என்கிற நைலோன் துணியைப் போட்டு, ரப்பர் கத்தியால் மிச்ச ரெசினை வழித்து எடுப்பேன். துணி ஈரமாக இருக்க வேண்டும், மினுங்கக் கூடாது. மினுங்கினால் அது பாரம், பலம் இல்லை. பலம் கண்ணாடி நாரில் இருக்கிறது, ரெசின் அதைப் பிடித்து வைத்திருக்கிற பசை மட்டும். இது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனால் போட்டில் அதற்கு யாரும் காசு தருவதில்லை.

சில்லுக் கவசத்தைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குப் பெருமை. முன் பாதி, பின் பாதி என்று இரண்டு துண்டு, நடுவில் திருகாணியால் சேர்ப்பார்கள், சில்லைக் கழற்றாமலே கவசத்தைக் கழற்றுவதற்காக. கம்பனியிலிருந்து வந்தபடி சேர்த்தால் பொருத்தில் சில இடத்தில் இடுக்கு, சில இடத்தில் ஒன்று மற்றதைவிட மேடு. பறக்கிறதற்கு அது போதும், பார்க்கிறதற்குப் போதாது. பின் பாதியின் விளிம்பில் வழவழப்பான டேப்பை ஒட்டி, அதற்கு மேலே நாங்கள் மோல்டுக்குப் பூசுகிற மெழுகைப் பூசித் துடைத்தேன். இரண்டையும் திருகிச் சேர்த்தேன். குமிழித்தூளும் எப்பொக்சியும் கத்தியில் எடுத்தால் வழியாமல் நிற்கிற பதத்துக்குக் கலந்து, முன் பாதியின் ஓரத்தில் மட்டும் அப்பி, பொருத்துக்கு மேலாலேயே இழுத்துவிட்டேன். இறுகின பிறகு நீளப் பலகையில் ஒட்டிய சாண்ட் பேப்பரால், இரண்டும் ஒரே துண்டு என்று நினைத்துக்கொண்டு, குறுக்கும் மறுக்குமாகத் தேய்த்தேன். கையால் தேய்க்கக் கூடாது, விரல் பள்ளத்தைத் தேடிப் போய் இன்னும் பள்ளமாக்கும். மேட்டை மட்டும் வெட்டுகிறது பலகைதான். டேப்பின் ஓரம் மெல்லிய கோடாகத் தெரிந்தவுடன் நிறுத்திவிட்டு, திருகாணிகளைக் கழற்றி, உள்ளே இருந்து உள்ளங்கையால் ஒரு தட்டு. டக்கென்று விட்டது. டேப்பை உரித்துவிட்டுத் திரும்பச் சேர்த்தால், அந்த டேப்பின் தடிப்புக்கு மட்டும் ஒரே சீரான இடைவெளி, சுற்றி வர. பெரியண்ணை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

அப்புறம் ஊசித்துளைகள். கிட் கட்டுகிறவர்கள் எல்லோரும் திட்டுகிற விஷயம் இதுதான். பைபரின் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கும், பிரைமர் அடித்தவுடன் அம்மை போட்டதைப் போல எல்லாம் முழிக்கும். அதற்கு மேலே இன்னும் பிரைமர் அடித்தால் துளைக்கு மேலே தோல் கட்டும், வெயில் பட்டவுடன் உள்ளே இருக்கிற காற்று விரிந்து அதைத் துளைத்துக்கொண்டு வரும். ஒரே வழி, எதுவும் கலக்காத மெல்லிய எப்பொக்சியைப் பூசி, பழைய போன் கார்ட் ஒன்றால் நான்கு திசையிலும் அழுத்தி இழுத்துத் துளைக்குள்ளே ஏற்றி, மிச்சத்தை வழித்துவிட்டு, காய்ந்ததும் தேய்த்து, திரும்பவும் அதையே செய்வது. துண்டைச் சூடாக்கிவிட்டு, ஆறுகிற நேரத்தில் பூசினால் உள்ளே இருக்கிற காற்று சுருங்கி ரெசினை இழுத்துக்கொள்ளும். சூடாக்க எங்களுக்கு வெயில் போதும். பதினொரு மணிக்கு வெளியே வைத்து, தொட முடியாத சூட்டில் நிழலுக்குக் கொண்டுவந்து உடனே பூசினோம். இந்த ஒரு விஷயத்தில் கனடாக் கராஜைவிடத் திருகோணமலை எவ்வளவோ மேல்.

அந்த நாட்களில் சீனக்குடாப் பக்கமிருந்து விமானப்படைப் பயிற்சி விமானம் எழும்பினால் அத்தான் சாண்ட் பேப்பரைப் போட்டுவிட்டு வெளியே ஓடிவிடுவார். எங்களுக்கு அது பழகிப்போன சத்தம். இந்தத் துறைமுகத்துக்கு விமானம் எத்தனையோ பார்த்தாகிவிட்டது: போர்க்காலத்தில் சீனக்குடாவில் பிரிட்டிஷ் விமானப்படையின் ஹரிகேன்கள் நின்றன, கடலில் இறங்குகிற விமானங்கள் நின்றன, 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான், அதில் ஒரு விமானம் எண்ணெய்க் குதத்தில் விழுந்து எரிந்த கதை இங்கே எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் விமானம் என்றால் அரசாங்கத்தினது, பட்டாளத்தினது, கம்பனியினது என்றுதான் எங்கள் மனதில் இருக்கிறது. ஒரு மனுஷன் சொந்தமாகக் கட்டி வைத்திருக்கலாம் என்று தோன்றுவதில்லை.

இலங்கையில் அப்படி ஒருவர் இருந்தார் என்று அத்தான்தான் சொன்னார். ரே விஜேவர்த்தன. நெல் விதைக்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அவருடைய வேலை தெரியும், பெயர்தான் தெரியாது. லேண்ட்மாஸ்டர் என்ற இரண்டு சில்லு உழவு இயந்திரம் அவருடைய கண்டுபிடிப்பு. 1968 ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்ப்படகு ஓட்டினவர். அதே மனுஷன் சின்ன விமானங்களையும் தானே வடிவமைத்துக் கட்டித் தானே பறந்திருக்கிறார். 2010இல் காலமானார். படகும் விமானமும் ஒரே ஆளின் கையில் வந்தது எனக்கு ஆச்சரியமாகப் படவில்லை. இரண்டிலும் பாரம், சமநிலை, மேலால் ஓடுகிற காற்று அல்லது தண்ணீர், இதுதானே கணக்கு. எனக்கு ஆச்சரியம், இதைப் பள்ளிக்கூடத்தில் யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை என்பதுதான்.

முழு விமானத்தையும் பைபரிலேயே செய்தால் என்ன என்றும் கேட்டேன், எனக்கு வேலை வரும் என்ற ஆசையில்தான். செய்கிறார்கள். பர்ட் ரூட்டன் என்பவர் 1970களில் நுரைக் கட்டியை வெட்டி அதற்கு மேலே கண்ணாடித் துணியும் எப்பொக்சியும் போட்டு, மோல்டே இல்லாமல் விமானம் கட்டுகிற முறையைக் கொண்டுவந்தார். வீட்டுக் கராஜ்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அவர் வடிவமைத்த வொயேஜர் 1986இல் எங்கேயும் இறங்காமல், இடையில் எரிபொருள் நிரப்பாமல் உலகத்தைச் சுற்றியது, ஒன்பது நாள். "அப்ப நீங்கள் ஏன் அலுமினியம் வாங்கினீங்கள்?" அத்தான் கையைச் சொறிந்துகொண்டே, "இந்த அரிப்புக்காகத்தான்" என்றார்.

துண்டுகள் எல்லாம் பிரைமரோடு திரும்பவும் பெட்டியில் ஏறிப் போயின. அதற்குப் பிறகு நடந்தவை எனக்கு வாட்ஸ்அப்பில் தெரிந்தவை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். மேல் கண்ணாடி அக்ரிலிக், குளிரில் வெட்டினால் ஓர் ஓரத்தில் தொடங்கிய கீறல் மறு ஓரம் வரை ஓடிவிடும், விலையைக் கேட்டால் மயக்கம் வரும். ஓகஸ்டு மாதம் கராஜைப் பூட்டி, உள்ளே ஹீட்டரும் போட்டு, இரண்டு பேரும் வியர்த்து வழிய வெட்டினார்கள். வயரிங் முடிவதாகத் தெரியவில்லை. எஞ்சின் மூடியைப் பொருத்துவதற்கு நான் வர வேண்டும் என்றார், விசா கிடைக்கவில்லை, போனைப் பிடித்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தேன். எந்த நேரம் கேட்டாலும் "முடிஞ்சுது, இன்னும் கொஞ்சம்தான்" என்பார். அந்தக் கொஞ்சத்துக்குள் இரண்டு தீபாவளி வந்து போனது.

கடதாசி வேலை வேறு. கனடாவில் அமெச்சூர் விமானங்களைப் பரிசோதிக்க அரசாங்கம் எம்டி-ஆர்ஏ என்ற அமைப்பிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறது. இறக்கையை மூடி ரிவெட் அடிப்பதற்கு முன்பே ஒருவர் வந்து உள்ளே பார்க்க வேண்டும், கடைசியில் எல்லா மூடித் தகடுகளையும் கழற்றி வைத்துவிட்டு முழுப் பரிசோதனை. வேலை செய்த படங்கள், குறிப்புகள் எல்லாம் காட்ட வேண்டும். அத்தானின் படக்கோப்பில் பெரியண்ணை பெனியனோடு சில்லுக் கவசத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படமும் இருக்கிறது. பரிசோதகர் அந்த இடத்தில் நின்று, பின்னால் தெரிகிற தென்னையையும் கவிழ்த்து வைத்த போட்டையும் பார்த்துவிட்டு, இது எந்த மாகாணம் என்று கேட்டாராம். பிறகு மூன்று சில்லுக்கும் கீழே மூன்று தராசு வைத்து நிறுத்து, பாரமையம் கணக்குப் போட்டார்கள். வால் பாரம் அவர் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் குறைவாகவே இருந்தது. அந்தச் செய்தியை அவர் எனக்குத் தனியாக, அக்காவின் குரூப்பில் போடாமல் அனுப்பினார்.

முதல் தடவை பறந்தது ஒரு விடியற்காலை, அங்கே விடிய, எங்களுக்குப் பின்னேரம். பட்டறையில் எல்லோரும் என் போனைச் சுற்றி நின்றார்கள். சிக்னல் விட்டுவிட்டு வந்தது. விமானம் ஓடுபாதையில் ஓடி எழும்பியது, பெரியண்ணை கைதட்டினார், பிறகு கையை நிறுத்திவிட்டு, "சில்லுக்கு மேல எங்கட சாமான் எங்க?" என்றார்.

இல்லை. முதல் பறப்புக்குச் சில்லுக் கவசம் போடுவதில்லையாம். பிரேக்கில் எண்ணெய் ஒழுகுகிறதா, டயர் சூடாகிறதா என்று இறங்கினவுடன் குனிந்து பார்க்க வசதியாக வெறும் சில்லோடுதான் பறப்பார்கள். கூட யாரையும் ஏற்றவும் முடியாது. முதல் 25 மணித்தியாலம் விமானி தனியாகத்தான் பறந்து சோதிக்க வேண்டும், அதுவும் சொன்ன எல்லைக்குள். இத்தனை வருஷம் கட்டியைப் பிடித்த அக்காவும் வேலிக்கு வெளியேதான் நின்றாள். எங்கள் துண்டுகள் அந்த நேரம் காரின் பின் சீட்டில் இருந்தன. பெரியண்ணை கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. "சரி, வால் முனையாவது இருக்கா?" இருக்கிறது என்றேன், பெரிதாக்கிக் காட்டினேன்.

கவசம் பிறகுதான் ஏறியது, ஏறினவுடன் வேகம் சில நொட் கூடியதாக அத்தான் எழுதினார். அந்தச் சில நொட்டில் எங்களுக்கு எவ்வளவு பங்கு, கம்பனி வடிவத்துக்கு எவ்வளவு பங்கு என்று பட்டறையில் இன்னும் வாக்குவாதம் நடக்கிறது. இப்போது அவருக்குப் புதுப் பிரச்சினை: சில்லுக் காலும் கவசமும் சேர்கிற மூலையில் காற்று சுழல்கிறது, அதை மூடுகிற சின்ன வளைவுத் துண்டுகள் வேண்டும், கிட்டோடு வருவது அவருக்குப் பிடிக்கவில்லையாம். களிமண்ணில் வடிவம் பிடித்து அதன் மேலே அச்சு எடுத்து அனுப்புகிறேன் என்கிறார். அச்சு வந்தால் செய்யலாம். எப்பொக்சிக்கு இந்த முறை காசை முதலே அனுப்பச் சொல்லியிருக்கிறேன். சம்பளத்துக்குத்தான் சட்டம் தடை, சாமானுக்கு இல்லை.